அவகாசம் கேட்டு ஒரு கடிதம்

1

வெளிநாட்டில் குடியேறியவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளில் முதல் பத்தியில் விமானம் வரும், இரண்டாவது பத்தியில் பனி விழும். என்னிடம் இரண்டும் இல்லை. நான் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி வடை தின்று, மறுபடி ஏறி, களியக்காவிளையில் எல்லையைக் கடந்து திருவனந்தபுரத்தில் குடியேறியவன். மொத்தப் பயணம் நான்கு மணி நேரம். கடவுச்சீட்டை யாரும் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் ஒருவர் என் பையிலிருந்த கத்தரிக்காயை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனாலும் இது வெளிநாடுதான். தெரிந்த சொற்கள் எல்லாம் தெரியாத பொருளில் புழங்கும் இடத்தை வேறு என்னவென்று சொல்வது?

இந்த ஆனியோடு நான் வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட யாரும் வரவில்லை. மச்சினன்தான் திருநெல்வேலியிலிருந்து போன் செய்தான்.

"அத்தான், பயலுக்கு டைபாய்டு. ரெண்டாவது தடவ வந்துட்டு. காலேஜ்ல ஒரு வருசம் போச்சுன்னு சொல்லுதாங்க. பேங்க்ல லோன் வாங்கிருக்கோம்லா? இப்பம் என்ன செய்யணும்? ஒங்களுக்குத்தான் எல்லா புரொசீஜரும் தெரியுமே, அதான் கேக்கேன்."

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. என் மனைவி வடிவு சிரிப்பை அடக்கச் செய்யும் வழக்கமான ஏற்பாடு அது.

அவனுக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். ஊரில் இப்போது வீட்டுக்கு ஒரு கல்விக்கடன் இருப்பதாகக் கேள்வி. காய்ச்சல் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

2

முதலில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலை பார்த்தது தணிக்கை அலுவலகம் ஒன்றில். மற்றவர்கள் எழுதும் பில்லில் தப்புக் கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த நகலில் எந்த மூலையில் கையெழுத்து, எந்தச் சுற்றறிக்கை எந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வுபெற்ற பிறகும் நாங்கள் குடியிருக்கும் வலியசாலைப் பக்கத்து ஆட்கள் ரேஷன் அட்டை முதல் சொத்து வரி வரை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். போய் வந்த பிறகு என்னிடம் கேட்காமலே காரியத்தை முடித்தவர்களிடமும் கேட்பார்கள் என்று வடிவு சொல்வாள். அது வேறு விஷயம்.

மொழிதான் தகராறு. வந்த புதிதில் மலையாளப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். 'தொழில் அவசரங்கள்' என்று ஒரு பகுதி வாரம் தவறாமல் வரும். இந்த நாட்டில் எல்லா வேலைக்கும் ஆள் அவசரமாகத் தேவைப்படுகிறது போலும் என்று நினைத்து, ஊரில் வேலை இல்லாமல் இருந்த இரண்டு நண்பர்களுக்குக் கடிதம் போட்டு வரவழைத்தேன். இங்கே அவசரம் என்றால் வாய்ப்பு. வந்த இருவரும் அவசரமே இல்லாமல் மூன்று மாதம் என் அறையில் தங்கியிருந்தார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். திருநெல்வேலி அம்மனை நினைத்துக் காந்திமதி என்று பெயர் வைத்தோம். கூப்பிடுவது மதி. இதில் ஒரு சிக்கல் இருப்பது அவள் வாசலில் இறங்கி விளையாடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. மலையாளத்தில் மதி என்றால் 'போதும்'. வடிவு மத்தியான வேளையில் வாசலில் நின்று "மதி! ஏ மதி! மதீ!" என்று கத்துவாள். அடுத்த வீட்டு அம்மாள் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, என் மனைவியை நான் ஏதாவது கொடுமை செய்கிறேனா என்று விசாரித்தார்.

மகள் இங்கேயே பிறந்தவள். கணக்குப் போடுவது மலையாளத்தில், கனவு காண்பது மலையாளத்தில், அம்மாவோடு சண்டை என்றால் பாதியில் மலையாளத்துக்குத் தாவிவிடுவாள், ஏனென்றால் வடிவுக்கு அதில் பதில் சொல்லத் தெரியாது. ஊர்க் கல்யாணங்களுக்குப் போனால் "மலையாளத்துப் பிள்ள வந்துட்டு" என்பார்கள். அவள் தமிழை நான் திருத்துவேன். என் மலையாளத்தை அவள் திருத்துவாள். இருவருமே திருந்தவில்லை.

3

நான் ஓய்வுபெற்றபோது மதி பொறியியல் கல்லூரியில் முதல் வருடம். ஓய்வுப் பணம் ஏற்கெனவே வீட்டுக் கூரையாக மாறியிருந்தது. அதனால் பழவங்காடிப் பக்கம் ஒரு வங்கியில் கல்விக்கடன் வாங்கினோம். முதல் வருடக் கட்டணத்தை வங்கி கட்டியது.

முதல் வருடப் பரீட்சை முடிந்த கையோடு மதிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கல்லூரி கேன்டீன் தண்ணீர் என்று டாக்டர் சொன்னார். தண்ணீருக்கு இங்கே வெள்ளம் என்று பெயர் வைத்திருப்பதன் நியாயம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றரை மாதத்தில் சரியாகும் என்றார்கள். சரியானது. பிறகு திரும்ப வந்தது. மறுபடி சரியானது. மறுபடி வந்தது. வீட்டில் எண்ணெய் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை. அவளுக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று மூவரும் பத்தியம் இருந்தோம். எட்டு மாதத்தில் நான் ஒன்பது கிலோ இளைத்தேன். பார்க்க வந்தவர்கள் என்னிடம் நலம் விசாரித்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்தவளிடம் "அப்பாவெ நல்லா நோக்கிக்கோ மோளே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் வருடம் அவள் இல்லாமலே தொடங்கி, அவள் இல்லாமலே நடந்தது.

நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தபோது எனக்கு அம்மை போட்டது. ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை. அப்பா ஒரு விடுப்புக் கடிதம் எழுதி, கூடவே ஒரு கொத்து வேப்பிலையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்பினார். முதல்வர் அந்த உறையைத் தொடவில்லை. அலுவலகத்தில் யாருமே தொடவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்து, தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு மாத வருகையையும் போட்டுவிட்டார்கள். பரீட்சைக்குப் போனபோதும் அந்த உறை பிரிக்கப்படாமல் அங்கேயே இருந்தது. இன்றுவரை அதைவிடத் திறமையான மருத்துவச் சான்றிதழை நான் பார்த்ததில்லை.

மஞ்சள் காமாலைக்கு அந்த மரியாதை இல்லை. அதற்குத் தாள் வேண்டும்.

கல்விக்கடனில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. படிக்கும் காலத்திலும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் மாணவர் படிப்பைக் கைவிட்டுவிட்டார் என்று வங்கி முடிவு செய்தால் அந்தச் சலுகை அன்றோடு போயிற்று. தவணை உடனே தொடங்கும், அடுத்த வருடங்களின் கட்டணமும் வராது. ஆக எல்லாம் ஒரே கேள்வியில் தொங்கியது: மதி படிப்பைக் கைவிட்டவளா, இடையில் நிறுத்தியவளா?

மச்சினனுக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான். பையன் எழுந்து உட்காருவதற்கு முன்பே கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கு. அதில் 'இடைநிறுத்தம்' என்ற சொல் இருக்க வேண்டும், திரும்பச் சேர்த்துக்கொள்வோம் என்ற உறுதி இருக்க வேண்டும், படிப்பு முடியும் புதிய வருடம் இருக்க வேண்டும். டாக்டர் சான்றிதழைச் சேர்த்து வங்கியில் கொடுத்துத் தவணைக் காலத்தைத் தள்ளிப்போடச் சொல். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கு. இவ்வளவையும் நான் சரியாகவே செய்தேன். அதை யாரும் மறுக்க முடியாது.

கல்லூரிக் கடிதம் சித்திரையில் வந்தது. மதி இளைய வகுப்போடு சேர்ந்து இரண்டாம் வருடத்தைப் படிக்கலாம். கல்லூரி திறக்கும் நாளுக்குள் கட்டணம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போகும்.

4

ஆங்கிலத்தில் ஏழு பத்தி, மூன்று இணைப்புகளோடு விண்ணப்பத்தைத் தயார் செய்து வங்கிக்குக் கொண்டுபோனேன். கடன் பிரிவில் சுலோசனா என்ற அம்மாள் இருந்தார். நல்ல மனுஷி. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புதிய மேனேஜர் மலையாள விண்ணப்பங்களை முதலில் எடுக்கிறார் என்றார்.

"மலையாளத்தில் ஆணெங்கில் வேகம் நடக்கும் சாரே. பின்னே, சாரினு புத்திமுட்டாணெங்கில் வேண்டா கேட்டோ. சார் தமிழனல்லே."

சிரமம் என்றால் வேண்டாம், நீங்கள் தமிழர்தானே, என்கிறார். அன்போடுதான் சொன்னார். அந்த அன்பு எனக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மலையாளத்தில் எழுதுவதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. தமிழில் யோசிப்பது, வடசொல்லாகப் பார்த்துப் பொறுக்குவது, கடைசியில் நம் 'ஆகும்' மாதிரி ஒரு 'ஆணு' சேர்ப்பது. மதி கட்டிலில் படுத்தபடியே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஞான் ஒண்ணு நோக்கித் தரட்டா?"

"நீ எந்திரிக்கக் கூடாது. டாக்டர் சொல்லிருக்காரு."

"எந்திரிக்கண்டா. படுத்துக்கிட்டே நோக்கலாமே."

"நாப்பது வருசமா கடிதம் எழுதுதேன் மதி. ஏங் கடிதத்தத் திருப்பி அனுப்புன ஆபீஸ் இன்னும் பொறக்கல."

"எந்தெங்கிலும் பண்ணுங்கோ", என்னவோ செய்யுங்கள், என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடிதத்தில் இரண்டு இடங்கள் எனக்கே பிடித்திருந்தன. மதி தேறிவிட்டாலும், கல்லூரி திறக்கும் வரை தினமும் மத்தியானம் முழு ஓய்வில் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. 'தினமும் ஓய்வு' என்று பச்சையாக எழுதினால் கம்பீரம் இல்லை. 'என் மகள் நித்ய விஸ்ரமத்தில் ஆணு' என்று எழுதினேன். அடுத்து முக்கியமான வரி. தவணைக்கு ஒரு வருட அவகாசம் வேண்டும். அவகாசம் வடசொல்தானே. 'ஆகையால் மகளுடெ லோணில் எனிக்கு அவகாசம் தரணம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கல்லூரிக் கடிதம், டாக்டர் சான்றிதழ் எல்லாம் இணைத்தேன். சுலோசனா அம்மாள் அன்று விடுப்பு. வேறொருவர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

என் மலையாளத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணிக்கொண்டு, வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

5

மூன்று வாரம் கழித்து வங்கியிலிருந்து பதில் வந்தது. கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வடிவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாததால் மதி உறையைப் பிரித்தாள்.

"அப்பா" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். "ஞான் மரிச்சு போயி."

"ஏட்டி! வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசுத? வாயக் கழுவு மொதல்ல" என்று வடிவு அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஞான் பறையலம்மா, பேங்க் பறையுது. கேளுங்கோ." மதி கடிதத்தை உரக்க வாசித்தாள். அன்பு மகளின் அகால வியோகத்தில் வங்கி ஊழியர்கள் அனைவரும் ஆழ்ந்த துக்கத்தில் பங்கு சேருகிறார்கள். மரணச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகல் இரண்டும், வாரிசுச் சான்றிதழும் கொடுத்தால் உரிமைக் கோரிக்கை பரிசீலிக்கப்படும். அதுவரை கடன் கணக்கில் எந்தப் பட்டுவாடாவும் கிடையாது.

நான் தலையில் சோப்போடு வெளியே வந்தேன். முதலில் என் வாயில் வந்தது இதுதான்: "ரெண்டு நகல் எதுக்கு? ஒண்ணு போதுமே."

வடிவு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது.

என் கடிதங்களுக்கு எல்லாம் நகல் வைத்திருப்பேன். மதி அதை வாங்கிப் படித்தாள். இரண்டாவது வரியில் சிரிக்கத் தொடங்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணீர் வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி எழுதிருக்காரு? எனக்குஞ் சொல்லேன்" என்றாள் வடிவு.

"அம்மா, நித்ய விஸ்ரமம்னா தினோம் ரெஸ்ட் இல்லம்மா. ஒரேயடியா ரெஸ்ட். பத்திரத்துல சரமக் கோளத்துல, செத்தவங்க போட்டோவுக்குக் கீழ போடுவாங்கல்ல, அது."

"அய்யோ!"

"பின்னே அவகாசம். அவகாசம்னா இங்க டைம் இல்ல. உரிமை. அப்பா என்ன எழுதிருக்காருன்னா, எம் மக செத்துப் போயிட்டா, அவளோட லோன்ல எனக்குள்ள உரிமையைத் தரணும். அடிவரை வேற போட்டிருக்காரு."

தினமும் காலையில் பத்திரிகையில் 'மனுஷ்யாவகாசம்' என்று வாசித்து, மனித உரிமை என்று சரியாகப் புரிந்துகொண்டு, தலையை ஆட்டுகிறவன்தான் நான். எழுதும்போது அந்த நினைவு எந்த அலுவலகத்துக்குப் போயிருந்தது என்று தெரியவில்லை.

"ஏங்க, பிள்ளைய சாவச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு, தேங்கா வேற ஒடச்சிட்டு வந்திருக்கீய" என்றாள் வடிவு. அப்புறம்தான் அவளுக்கு விஷயம் முழுதாக உறைத்தது. குரல் மாறியது. "அப்பம் பீசு? திங்கக்கெழமைல்லா கடைசி நாளு?"

மதியின் சிரிப்பு நின்றது.

6

மறுநாள் சனிக்கிழமை, வங்கி அரை நாள்தான். நானும் மதியும் கதவு திறக்கும்போதே போய்விட்டோம். சுலோசனா அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எந்து பறயானா சாரே. இத்ர செறுப்பத்தில்..." என்ன சொல்வது, இவ்வளவு சின்ன வயதில் என்று சொல்லிக்கொண்டே மதியைப் பார்த்தார். "இது இளயதாணோ? மூத்த மோள்டெ அதே முகம்."

"மேடம், மூத்ததும் ஞான் தன்னெ. இளயதும் ஞான் தன்னெ" என்றாள் மதி.

சுலோசனா அம்மாள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். மதியின் கண்ணில் அப்போதும் லேசாக மஞ்சள் இருந்தது. அதுவும் நிலைமைக்கு உதவவில்லை.

மேனேஜரின் மேசைக்குப் போனோம். இளைஞர், விதிமுறையில் பிடிப்பு உள்ளவர். வேறு சமயமாக இருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும். கணினியில் கணக்கை இறந்தவர் பட்டியலில் ஏற்றியாயிற்று, அதை மேலிடத்தில்தான் நீக்க முடியும், குறைந்தது பதினைந்து நாள் ஆகும் என்றார்.

"இன்று பணம் போகவில்லை என்றால் திங்கட்கிழமை கல்லூரியில் இவளுக்கு இடம் இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். மலையாளத்தைத் தொட எனக்குத் தைரியமில்லை.

"ஞான் எந்து செய்யானா? ஆள் ஜீவனோட உண்டு எந்நதினு தெளிவு வேணமல்லோ."

உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் கேட்கிறார். ஆதாரம் அவர் முன்னால் நின்று, மேசையில் இருந்த காகித எடையை உருட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பென்ஷனுக்காக நான் இதே வங்கியில் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்குகிறேன். அந்தப் படிவத்தைக் கொடுங்கள் என்றேன். அது பென்ஷன்காரர்களுக்கு மட்டும் என்றார். இவளுக்குப் பென்ஷன் வர இன்னும் நாற்பது வருடம் ஆகுமே என்றேன். அப்படியானால் அப்போது வரலாம் என்றார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். மரணச் சான்றிதழ் கைக்கு வராமலே மரணத்தைப் பதிவு செய்தது எந்த விதியின் கீழ்? இணைப்பில் டாக்டர் சான்றிதழ், கல்லூரிக் கடிதம் இரண்டும் இருக்க, அவற்றைப் படிக்காதது யார் குற்றம்? முதல் பக்கத்தை மட்டும் படித்து முடிவெடுக்கலாம் என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது? ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேனேஜர் என் விண்ணப்பத்தை எடுத்து, வங்கி முழுவதும் கேட்கும்படி வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'நித்ய விஸ்ரமம்' வந்தபோது ஒரு பெரியவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். 'அவகாசம் தரணம்' வந்தபோது பாஸ்புக்கோடு நின்ற ஓர் இளைஞன் "அச்சன் கொள்ளாமல்லோ!" என்றான். பரவாயில்லையே அப்பா என்று அர்த்தம். பாராட்டு அல்ல.

நான் நான்காவது கேள்விக்கு வாயைத் திறந்தேன்.

"அப்பா, மதி" என்றாள் மகள்.

போதும் என்றாளா, இங்கே விவகாரம் மதியைப் பற்றியது என்று நினைவூட்டினாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் மேனேஜரிடம் பேசினாள். என்னைவிட மெதுவாக, என்னைவிடக் குறைவாக. பேச்சின் முடிவில் அவர் ஒரு வழி சொன்னார். இறப்பை ரத்து செய்ய மேலிடம் வேண்டும். ஆனால் வெறும் எழுத்துப் பிழை என்றால் கிளையிலேயே திருத்திக்கொள்ளலாம். இந்தப் பிரிவு எனக்குத் தெரியும். பதற்றத்தில் மறந்திருந்தேன். நியாயமாக நான் சொல்லியிருக்க வேண்டியது.

"ஆனால் தெற்று ஆருடெது எந்நு எழுதணம்" என்றார் மேனேஜர். பிழை யாருடையது என்று எழுதியாக வேண்டும்.

வங்கியின் பிழை என்று எழுதினால், அன்று எழுந்து நின்று மரியாதையாக வாங்கிக்கொண்டாரே, அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை போகும். மீண்டும் மேலிடம், மீண்டும் பதினைந்து நாள். மிச்சம் இருந்தது ஒருவர்தான்.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். மலையாளத்தில் எழுத வேண்டும் என்றார். வாசகத்தையும் அவரே சொன்னார்: 'எனிக்கு மலையாளம் அறியில்ல.'

முப்பத்தாறு வருடம் இந்த ஊரில் வாழ்ந்திருக்கிறேன். எத்தனையோ பேர் எழுதியதை இது சரியில்லை, அது போதாது என்று திருப்பியிருக்கிறேன். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன்.

"'சரியாயி அறியில்ல' என்று போடலாமா?" என்று கேட்டேன்.

மேனேஜர் யோசித்தார். "போடலாம்."

"அறிவேன், எழுதத்தான் வராது. அதனால் 'சரியாயி எழுதான் அறியில்ல'."

"சரி, அதும் போடலாம்."

"'சில சொற்கள்' என்று..."

மதி என் தோளில் கையை வைத்தாள். அவளுடைய விரல்கள் எட்டு மாதத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டன என்பது அந்தக் கனமின்மையில் தெரிந்தது. மேலே ஒன்றும் கேட்காமல் எழுதினேன். 'எனிக்கு மலையாளம் சரியாயி எழுதான் அறியில்ல. என்டெ மகள் ஜீவிச்சிருப்புண்டு.' கீழே கையெழுத்தைத் தமிழில் போட்டேன். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்தது தவணை நீட்டிப்புக்கான புது விண்ணப்பம். மதியே நின்றபடி எழுதினாள், மொத்தம் இரண்டு வரி. எட்டிப் பார்த்தேன். 'ஒரு வர்ஷத்தெ அவதி தரணம்' என்று இருந்தது.

"ஏ மதி, இப்பம் அனுபவிச்ச அவதி போதாதா? இன்னும் ஒரு வருசம் எழுதிக் கேக்க?"

"அப்பா, இவங்களுக்கு அவதின்னா லீவு. தவணைக்கு டைம் கேக்கணும்னாலும் அதான். நிங்க எழுதியிருக்க வேண்டிய வாக்கு இதுதான்."

அதாவது, நமக்கு அவகாசம் என்பது இவர்களுக்கு உரிமை. நாம் கேட்கும் அவகாசத்துக்கு இவர்கள் வைத்த பெயர் அவதி. எட்டு மாதத்துக் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. மச்சினனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் வங்கி திருநெல்வேலியில் இருக்கிறது. அங்கே தாராளமாக அவகாசம் கேட்கலாம்.

சுலோசனா அம்மாள் கணினியில் என்னவோ தட்டினார். மேனேஜர் எழுந்து வந்து இன்னும் என்னவோ தட்டினார். பதினொன்றே முக்காலுக்கு மதி உயிர் பெற்றாள். பன்னிரண்டுக்குக் கல்லூரியின் பெயரில் வரைவோலை கைக்கு வந்தது.

"இனி தீர்க்காயுசாணு மோளே" என்று சுலோசனா அம்மாள் மதியின் கன்னத்தைத் தொட்டார். துண்டை இறக்கிய பெரியவரும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

7

திங்கட்கிழமை கல்லூரிக்கு நானும் போனேன். நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கூடப் படித்தவர்கள் எல்லாம் மூன்றாம் வருடத்துக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் தனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

"ரொம்பக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா." பஸ் டிக்கெட்டைச் சுருட்டினாள். "எல்லாரும் அக்கா, சேச்சின்னு விளிப்பாங்க. அது ஒண்ணுதான். கிழவி ஆன மாதிரி."

அலுவலக வாசலில் என்னை நிறுத்தினாள். "அப்பா, நிங்க இங்கயே நில்லுங்கோ. உள்ள வரண்டா. யாராச்சும் பேப்பர் தந்தாலும் ஒண்ணும் எழுதண்டா."

நின்றேன். தூணில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் மூன்று தவறுகள் கண்டுபிடித்தேன். உள்ளே ஓர் எழுத்தரின் குரல் கேட்டது.

"இதென்தா குட்டீ, ஒரு கொல்லம் காணானில்லாயிருந்நல்லோ. எவிடெப் போயி?" ஒரு வருடமாக ஆளைக் காணோமே, எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறார்.

"மரிச்சு போயிருந்நு சாரே" என்றாள் மதி. "சனியாழ்ச்சயாணு திரிச்சு வந்நது." சனிக்கிழமைதான் திரும்பி வந்தாளாம்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

வெளியே வந்து ரசீதை என் கையில் கொடுத்தாள். "வச்சுக்கோங்கோ. கிளாஸ் தொடங்கிட்டு." அதற்குள் மாடிப்படியில் நின்ற ஒரு பெண் அவளைப் பார்த்து "சேச்சீ, நம்மடெ கிளாஸ் மேலெயா!" என்று கூப்பிட்டாள். மதி ஒரு கணம் தயங்கிவிட்டுப் படியேறத் தொடங்கினாள். முதல் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

கையில் தாள் வந்தால் நான் பார்த்துவிடுவேன், அது என் உடம்பில் ஊறியது. பெயர் சரி. தொகை சரி. முத்திரை இருந்தது. ஆனால் வருடம் என்ற இடத்தில் எழுத்தர் முதலில் 'மூன்று' என்று எழுதி, பிறகு அதை அடித்து, மேலே 'இரண்டு' என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் இந்த ஒரு குறைக்காக லட்சக்கணக்கான ரூபாய் பில்களைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மதி மாடித் திருப்பத்தில் நின்று குனிந்து பார்த்தாள்.

"அப்பா, எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன். ரசீதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.